எட்டு மில்லிமீட்டர்

வேகத்துக்குப் பரிசில்லாத பந்தயம் இது.
பாறைமேல் போகும்போது கால் தரையில் பட்டால் ஒரு புள்ளி,
விழுந்தால் ஐந்து.
புள்ளி ஏற ஏறத் தோல்வி.
பெங்களூரில் இதை விளக்குவது சுலபம்.
சில்க் போர்டு சிக்னல் என்பேன்,
தலையாட்டிவிடுவார்கள்.

வண்டிக்கு நாற்பத்தொரு வயது, எனக்கு முப்பத்தெட்டு.
இருவருக்கும் இடது பக்கம்தான் கோளாறு.
அதன் கிளட்ச்
துருப்பிடித்த கடை ஷட்டர் கனம்.
என் மணிக்கட்டில் ஒரு ஸ்டீல் தகடு, ஏழு திருகு,
பௌரிங் ஆஸ்பத்திரி உபயம்.

முன் பிரேக்கோ
பிடி என்றால், பார்க்கலாம் என்னும்.
அது பார்த்து முடிப்பதற்குள்
சரிவின் அடியில் நான் கிடப்பேன்,
என்மேல் வண்டி.

புதுசு வாங்கிவிடேன் என்றார்கள்.
டிஸ்க் பிரேக், ஹைட்ராலிக் கிளட்ச்.
விலையைக் கேட்டேன்.
பக்கத்துப் பேக்கரியில் ஒரு தில்பசந்த் தின்றுவிட்டு
திரும்பி வந்தேன்.

ஜே.சி. ரோடு சந்தொன்றில்
நயாஸின் லேத்.
டிரம்மைப் பூட்டிச் சுழற்றினான்.
கண்ணுக்கு வட்டம்,
டயல் ஊசிக்கு முட்டை.
'இதை நம்பியா மலை ஏறுனீங்க?'
ஏறவில்லை நயாஸ், இறங்கினேன்.
அதுதான் பிரச்சினை.

டிரம்மை மெல்லச் சீவினான்.
லைனிங் கண்ணாடியாய்ப் பளபளத்தது.
பளபளப்பது எதுவும் பிடிக்காது என்று
பிய்த்தெறிந்து, தடித்த புதியதை ஒட்டி
டிரம்மின் அளவுக்கே கடைந்தான்.
சாக்பீஸ் தடவிச் சுற்றிப் பார்த்தோம்.
முதல் தடவை ஓரத்தில் மட்டும் வெள்ளை அழிந்தது.
ஐந்தாம் தடவை
முழுக்க.

கிளட்சை நானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன்.
ஆறு ஸ்பிரிங்கில் இரண்டைக் கழற்றினேன்,
யாரோ சொன்ன யுக்தி.
லீவர் வெண்ணெய்.
முதல் ஏற்றத்தில் இன்ஜின் அலறியது,
வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.
இரண்டையும் திரும்பப் போட்டேன்,
யாரிடமும் சொல்லவில்லை.

பிறகுதான் கேபிளைப் பார்த்தேன்.
ஹெட்லைட் அருகே செங்குத்தாக மடிந்து,
உள்ளே துரு அரைபட்டுக்கொண்டிருந்தது.
நைலான் உறை போட்ட புதுசை
பெரிய வளைவாக விட்டேன்.
பாதிக் கனம் அங்கேயே போயிற்று.
ஒன்பது வருடம் நான் இழுத்தது
கிளட்சை அல்ல, ஒரு மடிப்பை.

மீதிப் பாதிக்கு
இன்ஜின் பக்கத்துக் கையை வெட்டி
பன்னிரண்டு மில்லிமீட்டர் நீட்டி வெல்டு வைத்தோம்.
சுண்டுவிரலால் இழுத்தேன், வந்தது.
ஆனால் முழுக்க இழுத்தும் தட்டுகள் விலகவில்லை.
கியரில் நின்ற வண்டி தானாக ஊர்ந்து
நயாஸின் டீயைத் தட்டிவிட்டது.
பலத்தில் மிச்சம் பிடித்ததைத்
தூரத்தில் கட்டச் சொல்கிறது நெம்புகோல்.
கந்துவட்டிக்காரன்கூட கொஞ்சம் குறைப்பான்.

அரம் போட்டு, மறுபடி வெட்டி, மறுபடி வைத்து
எட்டில் நின்றோம்.
எட்டில் நியூட்ரல் விழுகிறது.
எட்டில் ஒரு விரல் போதும்.

ஞாயிறு, ஹென்னூருக்கு அப்பால் பழைய கல் குவாரி.
மூன்றாம் பாறை, இரவு மழையில் நனைந்திருந்தது.
பஞ்ச் கருவியோடு தேவகிருபை நின்றிருந்தாள்.
சரிவின் விளிம்பில், பழைய பழக்கத்தில்,
நான்கு விரலாலும் முன் பிரேக்கை அமுக்கினேன்.
அது இம்முறை பார்க்கலாம் என்னவில்லை.
ஹேண்டில்பாருக்கு மேலே
வானம் தெரிந்தது, பிறகு தேவகிருபையின் செருப்பு.
'ஐந்து' என்றாள்,
கையைக் கொடுத்துக்கொண்டே.

அடுத்த சுற்றில் ஒரு விரல் பிரேக்கில்,
ஒரு விரல் கிளட்சில்.
பாறை உச்சியில் நின்றேன்,
மூன்று நொடி இருக்கும்.
தகடு வலிக்கவில்லை.
கீழே ஒரு நாய் கொட்டாவி விட்டது,
அவ்வளவு மெதுவாக.

திங்கட்கிழமை, ஆபீஸ் ஸ்கூட்டர்.
டின் ஃபேக்டரி நெரிசலில் ஊரும்போது
இடது ஆள்காட்டி விரல் தானாக மடிந்தது.
ஸ்கூட்டரில் கிளட்ச் ஏது?
அந்தப் பக்கம் பின் பிரேக்.
சட்டென்று நின்றேன்.
பின்னால் வந்த ஆட்டோக்காரர்
கன்னடத்தில் ஆரம்பித்து
என் முகத்தைப் பார்த்துவிட்டுத்
தமிழில் திட்டி முடித்தார்.

கால் மட்டும்
கீழே ஊன்றவில்லை நான்.